தலைகீழாய் வரைந்த கை



கடந்த மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் இலட்சியம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். மருத்துவர், ஆசிரியர், காவல் அதிகாரி என வழக்கமான கனவுகளுக்கிடையே ஒரு மாணவன் மட்டும் கட்டடக்கலைஞராக விரும்புவதாக எழுதியிருந்தான். அவன் தந்தை கட்டுமானத் தளத்தில் கூலி வேலை செய்பவர். அவனுக்கோ கணிதம் எட்டிக்காய். அருகில் அழைத்து, "அந்தப் படிப்பு நீண்டது, செலவும் மிகுதி. உன்னால் முடிந்த ஒன்றை எழுதலாமே, தம்பி" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். மறுநாள் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தான். கட்டடக்கலைஞர் என்றிருந்த இடத்திலெல்லாம் அழிப்பானின் தடம். அதன்மேல் 'ஆசிரியர்' என்று எழுதியிருந்தான். நானும் நல்ல புள்ளிகள் வழங்கினேன்.

சென்ற வாரம் கருத்துணர்தல் பயிற்சிக்கு ஒரு பகுதியைத் தேடியபொழுது, பால் ரெவியர் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கட்டடக்கலைஞரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்து முடித்ததும் அந்த அழிப்பான் தடமே கண்முன் நின்றது.

வில்லியம்ஸ் 1894ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். நான்கு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, வளர்ப்புத் தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கட்டடக்கலைஞராகும் தம் விருப்பத்தை ஆசிரியர் ஒருவரிடம் கூறினார். வெள்ளையர் உனக்கு வேலை தரமாட்டார்கள். உன் இனத்தாரிடமோ கட்டடம் எழுப்பும் அளவுக்கு வசதியில்லை. எனவே இந்த எண்ணத்தைக் கைவிடு என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை.

அந்த ஆசிரியர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அன்றைய சமுதாயம் அப்படித்தான் இருந்தது. எனினும், நிறத்தைக் காரணம் காட்டி இப்போதே பின்வாங்கினால் தோற்பதே பழக்கமாகிவிடும் என்று அந்த மாணவர் எண்ணினார். 1921இல் தொழில் உரிமம் பெற்றார். 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார்.

வெள்ளை இன வாடிக்கையாளர் பலர், ஒரு கறுப்பினத்தவரின் அருகில் அமரத் தயங்கினர். ஆகவே, மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்தபடியே தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார். அவருக்குத் தலைகீழாய்த் தெரியும் வீடு, எதிரில் இருப்பவருக்கு நேராய் எழுந்து நிற்கும்! கட்டுமானத் தளங்களில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பாராம். கைகுலுக்குவதா வேண்டாமா என்னும் சங்கடம் பிறருக்கு நேரக்கூடாதல்லவா? அவர் வடிவமைத்த வீடுகள் பல, கறுப்பினத்தவர் குடியிருக்க இயலாத வட்டாரங்களில் அமைந்தன. தம் கையால் வரைந்த வீட்டிற்கு அண்டை வீட்டுக்காரராகும் உரிமைகூட அவருக்கு இல்லை.

ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலப் பணியில் 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அவர் வடிவமைத்தார். திரைப்பட நட்சத்திரங்களின் மாளிகைகள் மட்டுமல்ல. தம் இனத்தாருக்காக வழிபாட்டு இல்லங்கள், குடியிருப்புகள், காப்புறுதி நிறுவனக் கட்டடம் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஊதியம் பெறாமலேயே வரைந்து கொடுத்தார். 1980இல் மறைந்த அவருக்கு, அக்கழகத்தின் மிக உயர்ந்த விருதான தங்கப் பதக்கம் 2017இல்தான் வழங்கப்பட்டது.

விடாமுயற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று இதனை மாணவர்களிடம் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால், தலைகீழாக வரையும் திறமையைப் போற்றும் நாம், அப்படி வரையும் நிலைக்கு ஒருவரைத் தள்ளியது எது என்றும் கேட்க வேண்டும். வில்லியம்ஸ் அறிவுரையை மீறினார். உலகம் அவரை அறிந்தது. கேட்டுக்கொண்டு வேறு வழி சென்ற பிள்ளைகள் எத்தனை பேரோ? அவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. நம் அக்கறையே சில வேளைகளில் அழிப்பானாகிவிடுகிறது.

நேற்று அம்மாணவனை அழைத்து வில்லியம்ஸின் கதையைச் சொன்னேன். "அன்று டீச்சர் சொன்னது தவறு. கட்டுரையை முதலில் எழுதியபடியே எழுதிக் கொண்டு வா. கணிதத்துக்கு வாரம் ஒருநாள் பள்ளி முடிந்ததும் என்னோடு உட்கார்" என்றேன். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"டீச்சர், தலைகீழாக எப்படி வரைவது?" என்றுதான் கேட்டான்.

இருவரும் எதிரெதிரே அமர்ந்து முயன்றோம். நான் வரைந்த வீட்டின் கூரை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அவன் வீட்டிலோ சன்னல்கள்கூட நேராய் இருந்தன.

கட்டுரை இன்னும் என் மேசைக்கு வரவில்லை. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை