அன்னதானத்துக்குத் தனி அறை வேண்டுமா? ஏர்போர்ட் லவுஞ்சில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்



நம்ம கோயில் வாட்சாப் குரூப்பில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. வரும் திருவிழா அன்னதானத்தில் பெரிய உபயக்காரர்களுக்கு ஏர்கோன் போட்ட தனி அறையும் தனிப் பந்தியும் வைக்கலாமா என்று. "ஏர்போர்ட்ல லவுஞ்ச் இருக்கே, அந்த மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபத்தில் சிலர் பதில் போட்டார்கள். கோபம் வேண்டாம். உதாரணம் நல்ல உதாரணம்தான். போன பங்குனியில் அப்படி ஒரு லவுஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். உள்ளே பார்த்ததையும் வாசலில் பார்த்ததையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் கோயிலிலிருந்து 16 பேர் ஸ்ரீரங்கம், சமயபுரம், சிதம்பரம், வடலூர் என்று யாத்திரை கிளம்பினோம். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து திருச்சிக்கு விமானம். வேன் சீக்கிரமே கொண்டுவந்து விட்டதால் கையில் மூன்று மணி நேரம் இருந்தது. என் மகன் அவனுடைய கிரெடிட் கார்டில் எனக்கும் ஒரு துணை கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைக் காட்டினால் லவுஞ்சுக்குள் போகலாம், கூட ஒருவரை அழைத்துப் போகலாம். 16 பேரில் இரண்டு பேர். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிப்பதற்குள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அக்காவக் கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணே, முட்டி வலியோட நிக்கிறாங்க." மடப்பள்ளி அக்காவைத் தெரியாதவர்கள் நம் கோயிலில் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாக அன்னதான அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்.

உள்ளே நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மெத்தென்ற நாற்காலி, சுத்தமான கழிவறை, குளிப்பதற்கு இடம், நாசி லெமாக், மீ கோரேங், சூப், பழம், தே தாரிக். வேலை செய்கிற பிள்ளைகள் சிரித்த முகத்தோடு பேசினார்கள். அன்று அக்கா விரதம். சம்பலில் நெத்திலி இருக்கும் என்று நாசி லெமாக் பக்கமே போகவில்லை. ரொட்டியும் பப்பாளியும் டீயும் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டையும் பக்கத்து மேசையில் கிடந்த தட்டுகளையும் சேர்த்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பிள்ளை ஓடிவந்து, "ஆண்ட்டி, நாங்க பாத்துக்குறோம்" என்று வாங்கிக்கொண்டது. அந்தத் தட்டுகளில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கேட்டார், "தம்பி, இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்குறா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாம் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் தலைக்கு இவ்வளவு என்று பேங்க் அந்த லவுஞ்சுக்குக் கட்டுகிறது. பேங்குக்கு அந்தப் பணம் கார்டின் ஆண்டுக் கட்டணத்திலிருந்து வரும். கடையில் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடம் பிடிக்கிற கழிவிலிருந்து வரும். மாதக் கடைசியில் முழுப் பணத்தையும் கட்ட முடியாதவர்களிடம் வாங்குகிற வட்டியிலிருந்தும் வரும். நம் நாட்டில் அந்த வட்டி வருஷத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு. சாதாரண கார்டு வாங்கவே ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாரா விதி. இந்த மாதிரி லவுஞ்ச் சலுகையோடு வருகிற கார்டுக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகமாகக் கேட்பார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கடன் கட்ட முடியாம தவிக்கிறவன் காசும் இந்த டீயில இருக்குன்னு சொல்லு" என்றார்.

"கொஞ்சம் கலந்திருக்கும் அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

வெளியே உட்கார்ந்திருக்கிற பதினாலு பேர் ஞாபகம் வந்து, நாலு வாழைப்பழத்தைக் கைத்துண்டில் வைத்தார். உணவை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று பணிவாகச் சொன்னார்கள். அது அவர்கள் விதி, வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்கும். அக்கா திருப்பி வைத்துவிட்டார். "நம்ம கோயில்ல வீட்டுல படுத்துக் கெடக்குறவங்களுக்குன்னு கேட்டு வாங்கி, பொட்டலம் கட்டிக் குடுப்போமே தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார்.

இதெல்லாம் உள்ளே. இனி வாசலில் பார்த்தது.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் முகப்பு மேசையில் நம்ம ஆள் ஒருவர் நின்றார். என் வயசுதான் இருக்கும். மனைவி, மகள், இரண்டு பேரப் பிள்ளைகள். கார்டை நீட்டினார். இந்த வருஷத்துக்கான இலவச நுழைவு முடிந்துவிட்டது, ஐந்து பேருக்கும் கட்டணம் கட்டினால் போகலாம் என்றது அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னது. அவர் தொகையைக் கேட்டார். கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். சின்னவன், "தாத்தா, ஐஸ்கிரீம்?" என்றான். "உள்ள எடம் இல்லையாம்ப்பா" என்று சொல்லித் திரும்பினார். உள்ளே இடம் இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிள்ளைகள் முன்னால் அவர் முகம் போன விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்பர்களே, நம் பேச்சுக்கு வருகிறேன்.

லவுஞ்சை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் 1939-இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனி தன் முக்கியமான வாடிக்கையாளர்களுக்காகத் திறந்ததுதான் இந்த ஏற்பாட்டின் ஆரம்பம். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று பிரிப்பதற்காகவே கட்டிய அறை. வெளியே ஆள் நிற்பதால்தான் உள்ளே இருப்பதற்கு மதிப்பு. எல்லாரையும் விட்டால் அது சாதாரண சாப்பாட்டுக் கடை ஆகிவிடும். வியாபாரத்துக்கு அது சரி.

அன்னதானம் அதற்கு நேர் எதிர். அதே யாத்திரையில் மூன்றாம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையில் சாப்பிட்டோம். 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு, இன்று வரை அணையவில்லை. எந்த ஊர், என்ன சாதி, எவ்வளவு நன்கொடை என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. பசியா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி. சோறு, சாம்பார், அவ்வளவுதான். லவுஞ்சில் ரொட்டியோடு எழுந்த அக்கா அங்கே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நம் பொருளாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் விலை ஏறிவிட்டது. ஐயாயிரம் வெள்ளி உபயம் கொடுக்கிற குடும்பம் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றால் அடுத்த வருஷம் வருமா என்று கேட்கிறார். அவருக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய பொறுப்பு இருக்கிறது. ஆனால் அதே உண்டியலில் வாசலில் பூ கட்டுகிற அம்மா போட்ட பத்து வெள்ளியும் இருக்கிறது. பானையில் வெந்த பிறகு எந்தச் சோறு ஐயாயிரம், எந்தச் சோறு பத்து என்று யார் பிரிப்பது? தனி அறைக் கதவு வைத்த அன்றைக்கே, யாராவது ஒரு தாத்தா பேரப் பிள்ளையிடம் "உள்ள எடம் இல்லையாம்ப்பா" என்று சொல்ல வேண்டி வரும். அதுவும் அம்மன் சன்னிதியில்.

அதனால் கூட்டத்தில் நான் வைக்கப் போகிற யோசனைகள் இவை.

ஒன்று, ஏர்கோன் அறை கட்டாயம் வேண்டும். ஆனால் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு. உபயக்காரர் வீட்டுப் பாட்டியும் அங்கே உட்காரட்டும், பூக்கார அம்மாவின் தாயாரும் அங்கே உட்காரட்டும்.

இரண்டு, உபயக்காரர்களுக்கு மாலை, பரிவட்டம், அறிவிப்பு எல்லாம் குறைவில்லாமல் செய்வோம். அதோடு முதல் பந்தியில் அவர்கள் குடும்பமே கரண்டி பிடித்துப் பரிமாறட்டும். கொடுத்தவர்கள் தங்கள் கையாலேயே படைப்பதை விடப் பெரிய மரியாதை எது?

மூன்று, வரிசை நீளமாக இருப்பதற்குக் காரணம் ஆள் கூட்டம் மட்டும் இல்லை. ஃபேக்டரி லைனில் பல வருஷம் பார்த்தவன் சொல்கிறேன், ஒரே இடத்தில் அடைத்துக்கொண்டால் பின்னால் எல்லாம் நிற்கும். நமக்குப் பரிமாற ஒரே மேசை. பின்வாசலைத் திறந்து இரண்டாவது மேசை போட்டால் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். ஆறு தொண்டர்கள் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். கூடாரத்தை வரிசை நிற்கிற இடம் வரை நீட்டினால் வெயிலும் இல்லை.

லவுஞ்சிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. சுத்தமான கழிவறை, சிரித்த முகம், "வாங்க, உட்காருங்க" என்ற வார்த்தை. அதற்குக் கார்டு தேவையில்லை. நாமே செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தவறாமல் வந்து பேசுங்கள். இரண்டாவது மேசைக்குத் தொண்டு செய்ய முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள். மடப்பள்ளி அக்கா பெயரை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாரா என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி பராசக்தி.