பாட்டுப் பெட்டியில் ஒரு முடிச்சு அரிசி

தூத்துக்குடியில் பெரியம்மா வீட்டு ரேடியோகிராமைத் திறந்தபோது, ஊசிக்கை படுத்திருக்கும் இடத்தருகே ஒரு துணி முடிச்சு செருகியிருந்தது. பழைய வேட்டிக் கிழிசல், சிவப்பு நூல் கட்டு. அவிழ்த்தால் அரிசி. பழுப்பேறி, வண்டு துளைத்து, பாதிக்கு மேல் மாவாகிப்போன ஒரு கைப்பிடி அரிசி. பூஜைக்கு வைத்ததென்றால் மஞ்சள் தடவியிருக்கும். அது இல்லை. பாட்டுப் பெட்டிக்குள் அரிசிக்கு என்ன வேலை என்ற கேள்வி அன்றைக்கு மனதில் விழுந்தது. அதற்கு விடை கிடைக்கும்வரை நான் செய்த பழுது வேலையெல்லாம் அதைச் சுற்றியே நடந்தது.

பெட்டி நாலடி நீளம். நடுவில் ரெக்கார்டு பிளேயர், பக்கத்தில் ரேடியோ, இரண்டு கோடியிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். 1960-களின் கடைசியில், கொழும்பில் கடை வைத்திருந்த பெரியம்மாவின் அண்ணன் தோணியில் ஏற்றி அனுப்பியது. இலங்கை வானொலி அந்தப் பெட்டியில் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலத் தெளிவாகக் கேட்கும். பெரியப்பா போனபிறகு அதைத் தொட ஆளில்லை. முப்பது வருஷமாக அதன் தலைமேல் பஞ்சாங்கமும் மாத்திரை டப்பாவும்தான்.

இத்தனை காலம் தூங்கிய பெட்டியை நேரே பிளக்கில் செருகக் கூடாது. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை நடுவில் தொடராக மாட்டி, அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெல்ல மங்கி, சிவந்த இழையாக நின்றது. மூச்சு வந்தது எனக்கு. அது மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். வால்வுகள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள் கனிந்தன. அரை நிமிஷம் கழித்து இரண்டு ஸ்பீக்கரிலும் ஓர் உறுமல் எழுந்தது.

அந்த உறுமலுக்குக் காரணம் எளிது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது நொடிக்கு 100 மேடுகள் எழும். அவற்றை நிரவிச் சமமாக்குவது கண்டென்சர். அதற்குள் இருக்கும் ஈரப்பசை காய்ந்துவிட்டால் நிரவ முடியாது. மேடுகள் அப்படியே ஸ்பீக்கரில் வந்து உறுமும். கண்டென்சர்களை மாற்றினேன், உறுமல் அடங்கியது. மோட்டாரில் கிரீஸ் கோந்தாக இறுகியிருந்தது. பெட்ரோலில் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே உராய்ந்து சுற்றும் ரப்பர் சக்கரம் வழவழவென்று பிடிப்பில்லாமல் இருந்தது. அதை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். ஒரு வட்ட அட்டையில் 180 கோடுகள் வரைந்து தட்டின்மேல் வைத்து, பழைய டியூப்லைட்டைப் போட்டேன். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சரியாக இருந்தால், நொடிக்கு நூறுமுறை மினுக்கும் அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும். நின்றன. சுற்றும் தட்டின்மேல் கோடுகள் அப்படி அமைதியாக நிற்பதை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் ரெக்கார்டு போட்டால் சத்தமில்லை. வலது பக்கம் முழு ஊமை. இடது பக்கம் ஈனசுரம். ஊசிக்கையிலிருந்து வரும் கம்பிகளை இடம்வலம் மாற்றிப் பார்த்தேன். ஊமைத்தனமும் கூடவே பக்கம் மாறியது. அப்படியென்றால் வால்வு, ஸ்பீக்கர் எதிலும் குற்றமில்லை. நோய் ஊசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, பிளேடால் மெல்லப் பிரித்தேன். உள்ளே, பளிங்குச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு கசிவு. சமையலறையில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும் அது என்னவென்று. உப்பு நீர்த்துப்போயிருந்தது.

உண்மையிலேயே உப்புதான். ரோஷெல் உப்பு என்று பெயர். பிரான்சில் கடலோரமாக இருக்கும் லா ரோஷெல் என்ற ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு மருந்துக்காரர் செய்தது. பல காலம் அது பேதி மருந்தாகத்தான் புழங்கியது. 1880-இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பி இருவரும், சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். அவர்கள் சோதித்தவற்றில் குவார்ட்ஸ் இருந்தது, கரும்புச் சர்க்கரை இருந்தது, இந்தப் பேதி உப்பும் இருந்தது. எல்லாவற்றிலும் இதுதான் வாரி வழங்கியது. ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி நடுங்கும். நடுக்கம் உப்புச் சில்லை முறுக்கும். சில்லு மின்சாரம் தரும். ஸ்டீரியோ என்றால் இரண்டு சில்லுகள். பள்ளத்தின் உட்சுவர் இடது பக்கத்துக்கு, வெளிச்சுவர் வலது பக்கத்துக்கு.

அதைவிட என்னை மகிழ வைத்தது வேறொன்று. இந்த உப்பு டார்டாரிக் அமிலத்திலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் அது திராட்சை ரசப் பீப்பாய்களின் அடியில் படிந்து கிடைத்தது. நம் ஊரில் அந்த அமிலம் நிறைந்திருப்பது எதில்? புளியில். புளிச் சாற்றை நாக்கில் வைத்தால் கண்ணைச் சுருக்க வைக்கும் அதே புளிப்பு. கொழும்பிலிருந்து தோணியில் வந்து இறங்கிய அந்த நாகரிகப் பெட்டியின் குரல், புளியின் புளிப்போடு உப்பு சேர்ந்து பிறந்த ஒன்று! அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பழைய 78 சுற்று ரெக்கார்டுகளோ அரக்கு. பூச்சி மரத்தில் கசிந்து வைத்த அரக்கு. புளி, உப்பு, அரக்கு என்று பலசரக்குக் கடைச் சீட்டுப்போல எழுதிவிடலாம் அந்தச் சங்கீதத்தை.

அந்த உப்புக்கு ஒரு சங்கடம் உண்டு. தன் பளிங்குக்குள்ளேயே அது கொஞ்சம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது. காற்று மிகவும் காய்ந்தால் அந்தத் தண்ணீரை இழந்து பொடியாகும். மிகவும் ஈரமானால் காற்றிலிருந்து குடித்துக் கரையும். கடற்காற்று நாள் முழுக்க வீசும் ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்?

ஒரு ஐப்பசி மாதம் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது பத்து வயது. அடைமழை. உப்பளங்களில் வேலை நின்றுபோய், குவித்த உப்பெல்லாம் ஓலை மூடிக் கிடக்கும் காலம். பெரியப்பாவுக்கு உப்பு வியாபாரக் கடையில் கணக்கு வேலை. மழை வந்தால் வீட்டில் இருப்பார். அன்று காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டிருந்தார். 1964-இல் காலமான அந்த மகா வித்வான்மேல் பெரியப்பாவுக்கு உயிர். ராகம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வலது ஸ்பீக்கர் தேய்ந்து தேய்ந்து நின்றது. பெரியப்பா தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு சரியில்லாத பிள்ளையின் நெஞ்சில் காது வைப்பதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. நான் பயந்துபோய் அடுக்களைக்கு ஓடினேன். அங்கே பெரியம்மா உப்பு மரவைக்குள் கைவிட்டு, அடியில் கிடந்த அரிசியைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் உப்பு கசியாமலிருக்க நாலு அரிசி போட்டு வைக்கும் பழக்கம்.

இப்போது எண்பத்து மூன்று வயதாகும் பெரியம்மாவிடம் முடிச்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, கட்டைப் பார்த்தார்.

"நான் கட்டுனதுதான். ரேடியோ ரிப்பேர்காரரு ஒருநா வந்து, உள்ள ஒரு உப்புக்கல்லு இருக்கு, அதுதான் பாடுது, மழைக்கு நீர்த்துருதுன்னு சொல்லிட்டுப் போனாரு. உப்புன்னா அரிசி போட்டா நீர்க்காதுல்லா? வறுத்துக் கட்டி வச்சேன். மாசத்துக்கு ஒருக்க மாத்துவேன்."

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"அவுகளுக்கு எதுக்கு? அவுக பாட்டு கேட்டாக."

அப்படியானால் இதுதான் கடைசி முடிச்சு. பெரியப்பா போன மாதத்துக்குப் பிறகு இதை மாற்றத் தேவையிருக்கவில்லை. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

ஈரத்துக்கு அஞ்சாத செராமிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கி மாட்டினேன். காருக்குறிச்சியாரின் நாகஸ்வரம் இரண்டு ஸ்பீக்கரிலும் வீடு நிறைய எழுந்தது. பெரியம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டார். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கரைந்துபோன உப்பை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கேக் சாமான் விற்கும் கடையில் கிரீம் ஆஃப் டார்ட்டர் கிடைக்கிறது. அதைச் சுடுநீரில் போட்டு, சலவைச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தேன். நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. வடிகட்டி, வாய் அகன்ற கண்ணாடி டம்ளரில் அசையாமல் வைத்தேன். சில நாளில் அடியில் பொடிப் பளிங்குகள் படிந்தன. அதில் ஒன்றைத் தேர்ந்து நூலில் கட்டி, மேலே தெளிந்து நின்ற அதே கரைசலில் தொங்கவிட்டேன். அது புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்தது. தண்ணீரைப் போலத் தெளிவு, விளிம்பெல்லாம் செதுக்கியதுபோலக் கூர்மை. எதிரெதிர் முகங்களில் அலுமினியத் தாள் வைத்து அழுத்திக் கட்டி, பெட்டியின் வலது பக்கக் கம்பிகளைக் கழற்றி அதில் மாட்டினேன். ஐப்பசி பிறக்க நாலு நாள் இருந்தது.

"பெரியம்மா, இதை விரலால தட்டுங்க."

தயங்கி, நகத்தால் ஒரு தட்டு தட்டினார். 'டொக்' என்றது வலது ஸ்பீக்கர், நாலடி தள்ளி. பெரியம்மா திடுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது. மூன்றாம் முறை தட்டவில்லை. பளிங்கின்மேல் விரலை மெல்ல வைத்துத் தேய்த்தார். துணியில் காது உரசுவதுபோல ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். கிழக்கே மேகம் கூடியிருந்தது.

"மழ வந்தா இது நீர்த்துருமே" என்று எழுந்து அடுக்களைக்குள் போனார். அடுப்பில் இரும்புச் சட்டி ஏறுகிற சத்தமும், பிறகு அதில் அரிசி விழுகிற சத்தமும் கேட்டன.