வீட்ல செஞ்ச மயோனைஸ்னா சேஃபா? உருளைக்கிழங்கு சாலட் பத்தி ஒரு த்ரெட்

"கடை மயோனைஸைத்தான் கவர்மென்ட்டே தடை பண்ணிருச்சே டாக்டர், அதான் வீட்லயே முட்டையை உடைச்சு மிக்ஸியில அடிச்சு, உருளைக்கிழங்கு சாலட் செஞ்சு குடுத்தேன்." ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா சொன்னது. மடியில 5 வயசுப் பையன். வாந்தி, வயித்தால, காய்ச்சல்.

காரணம் அந்த சாலட்தான்னு டெஸ்ட் இல்லாம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த அம்மா புரிஞ்சிக்கிட்ட மாதிரிதான் நிறைய பேர் புரிஞ்சி வெச்சிருக்கீங்க. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குத் தடை போட்டது பச்சை முட்டை மயோனைஸுக்கு. 2023-ல கேரளா, 2024-ல தெலங்கானா போட்டதும் அதுக்குத்தான். பிரச்சனை கடை இல்ல மக்களே, வேகாத முட்டை. உங்க வீட்டு மிக்ஸியில அடிச்சாலும் அது அதே பச்சை முட்டைதான்.

சால்மொனெல்லா கிருமி முட்டை ஓட்டுல மட்டும் இருக்கறதில்ல. கோழியோட கருப்பையிலேயே தொத்தி முட்டைக்கு உள்ளேயும் இருக்கலாம். அதனால நல்லா கழுவுனேன், நாட்டுக்கோழி முட்டை, எலுமிச்சை நிறைய புழிஞ்சேன் எதுவும் உத்தரவாதம் இல்ல. சூடு மட்டும்தான் உத்தரவாதம்.

சரி, முட்டை எதுக்கு? எண்ணெயையும் தண்ணியையும் பிரியாம சேர்த்துப் பிடிக்க. அந்த வேலையை ஊறவெச்ச முந்திரியும் அரைச்ச கடுகும் ஓரளவு நல்லாவே செய்யும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கும் மல்லாட்டைக்கும் ரகம் ரகமா வெளியிட்டிருக்கு. இந்த ரெண்டும் விளையற ஊர்ல மயோனைஸ் பாட்டில் எதுக்குங்க?

15 முந்திரியை வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறவைங்க. அரை கப் தயிரைத் துணியில கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளயே தண்ணி வடிய விடுங்க. ரெண்டையும் அரை ஸ்பூன் கடுகு, ஒரு பல் பூண்டு, மிளகு, உப்பு, அரை மூடி எலுமிச்சையோட நைஸா அரைச்சு, கடைசியா 2 டேபிள்ஸ்பூன் கடலெண்ணெயை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஒரு சுத்து விடுங்க. புளிப்பு இருக்கறதால அலுமினியம், பித்தளை வேண்டாம். நம்ம விருத்தாசலம் பீங்கான் கிண்ணம் இருந்தா அதுல வைங்க.

அரை கிலோ கிழங்கைத் தோலோட, உப்பு போட்ட பச்சைத் தண்ணியில வெச்சு வேகவைங்க. குக்கர்ல நாலு விசில் விட்டா மசாலா தோசைக்குத்தான் ஆகும். கத்தி நுழையற பதத்துல எடுத்து, தோலுரிச்சு, சூடு இருக்கும்போதே கொஞ்சம் எலுமிச்சை தெளிங்க, உள்ள இறங்கும். நல்லா ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல குளிரவெச்சு அப்புறம் டிரெஸ்ஸிங் கலங்க. சூட்டோட கலந்தா தயிர் திரிஞ்சிரும். முட்டை வேணுமா? கெட்டியா அவிச்சுப் போடுங்க.

(கிழங்கு நம்ம ஊருக்குப் புதுசில்ல. பூவராகர் கோயில் பிரசாதமே கோரைக்கிழங்குல செய்யறதுதானே!)

சுகர் இருக்கறவங்க கவனிங்க: ஆறின கிழங்குல கொஞ்சம் ஸ்டார்ச் செரிக்காத வகையா மாறும், சர்க்கரை சற்று மெதுவா ஏறும். "சற்று"தான். சாலட் சாப்பிட்டா அந்த அளவுக்கு சோத்தைக் குறைங்க.

முட்டை இல்லாததால வெளியில வெச்சிரலாம்னு நினைக்காதீங்க. வெந்த கிழங்கும் தயிரும் கிருமிக்கும் விருந்துதான். 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஃப்ரிட்ஜை விட்டு ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஏப்ரல், மே மாசத்துல நம்ம ஊர் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். பிறந்தநாள் விழாவுல கேக் வெட்டற வரைக்கும் மேஜை மேல அழகுக்கு வைக்காதீங்க.

இன்னொண்ணு. சால்மொனெல்லா 6 மணி நேரத்துலயும் காட்டும், 3 நாள் கழிச்சும் காட்டும். அதனால கடைசியா சாப்பிட்ட இட்லி மேல பழி போடாம, மூணு நாள் சாப்பாட்டை டாக்டர்கிட்ட சொல்லுங்க. வயித்தால போனா ஓ.ஆர்.எஸ். ஆரம்பிங்க, பேதி நிறுத்தற மாத்திரையை மெடிக்கல்ல கேட்டு வாங்கி குழந்தைக்குக் குடுக்காதீங்க. மலத்துல ரத்தம், ஓயாத வாந்தி, 6 மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, புள்ள துவண்டு கிடக்குன்னா விடியட்டும்னு காத்திருக்காம பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. ராத்திரியும் டூட்டி டாக்டர் இருப்பாங்க.