ஒரே சர்வருக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள்

ஒரே சர்வரில் இயங்கும் இரண்டு மெய்நிகர் கணினிகள் பேசிக்கொள்ளும்போது தரவு வெளிக் கம்பியைத் தொடுவதில்லை. லினக்ஸ் கர்னலின் பிரிட்ஜ் வழியாகவே போய்விடுகிறது. பக்கத்து வயலுக்கு மடையைத் திறந்தால் போதும், கல்லணை வரை போக வேண்டியதில்லை. அப்படியும் வேகம் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் கார்டு டிரைவரை.

இ1000 என்பது பழைய இன்டெல் கார்டைப் போல நடிக்கும் போலிக் கார்டு. அந்த நடிப்புக்காகவே பிராசசர் அடிக்கடி மெய்நிகர் கணினியின் வேலையை நிறுத்தி அதைவிட்டு வெளியே வருகிறது. ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கி, 2008இல் லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்த விர்ட்ஐஓ நடிப்பதில்லை; இரு தரப்பும் பகிரும் நினைவக வளையத்தில் பாக்கெட்டை வைத்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்கிறது. 2010இல் வந்த விஹோஸ்ட்-நெட் அந்த வேலையைக் கர்னலுக்குள்ளேயே முடிக்கிறது. லினக்ஸில் விர்ட்ஐஓ டிரைவர் ஏற்கெனவே உண்டு. விண்டோஸில் அதற்கான நெட்கேவிஎம் டிரைவரை நிறுவிய பிறகே கார்டின் மாடலை மாற்றுவது நல்லது.

அதிகம் குழப்புவது செக்சம், அதாவது பாக்கெட் பழுதாகாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எண். பாக்கெட் சர்வரைத் தாண்டாததால் விர்ட்ஐஓ அதைக் கணக்கிடாமலே அனுப்புகிறது. வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பழைய டிஎச்சிபி நிரல்கள் அந்தப் பாக்கெட்டைப் பழுதென்று தள்ளிவிடும், ஐபி முகவரி கிடைக்காது. ஐபிடேபிள்ஸில் செக்சம் நிரப்பும் ஒரு விதி போதும். செக்சம் போடுவது, தரவை நறுக்குவது போன்ற வேலைகளைக் கார்டிடம் விட்டுவிடும் ஆஃப்லோடு முழுவதையும் அணைப்பது தவறான வைத்தியம்: 64 கிலோபைட் வரை ஒரே துண்டாகப் போகும் தரவு, 1500 பைட் துண்டுகளாக நறுக்கப்பட்டுவிடும்.

தஞ்சாவூரில் 2024இல் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டிருக்கிறது. காவிரி டெல்டாப் பிள்ளைகள் இந்த நுணுக்கத்தை ஊரிலேயே பழகலாம், பழக வேண்டும்.