என்ன கேட்டு அனுப்பினோம்?

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் வீட்டுத் திண்ணை மனு எழுதும் இடமாகிவிட்டது. நானாகத் தொடங்கியதில்லை. பக்கத்து வீட்டு ஆத்தா முதியோர் பென்ஷனுக்கு எழுதித் தரச் சொன்னார், எழுதினேன், கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து கைராசிக்காரன் என்று பெயர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் விட்டுப்போன பேரன் பெயர், தோட்டத்துக்கு மின் இணைப்பு, காலை எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோன டவுன் பஸ். எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கும்போது முக்கால்வாசிப் பேர் ஒன்றையே சொல்வார்கள்: "எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு காப்பி போட்டிருங்க சார்."

பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். சட்டமன்றத்துக்கு வருகிற இன்ன மசோதாவை ஆதரியுங்கள், இன்னதை எதிர்த்து ஓட்டுப் போடுங்கள் என்று எழுதச் சொல்லி இந்தத் திண்ணையில் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை.

நாம் அனுப்பி வைத்தவர்கள் நம் கருத்தைப் பேசுகிறார்களா என்று டீக்கடையில் அடிக்கடி பேச்சு வரும். "எவன் பேசறான்?" என்று யாராவது பெஞ்சைத் தட்டுவார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலை நிறுத்தியவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர். ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தார். அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்கவில்லை. காரில் கொடி இல்லாமல், கூட யாரும் இல்லாமல் ஒரு நாள் மத்தியானம் வந்தார். வீட்டில் மோர் கொடுத்தாள். பாதி குடித்து, டம்ளரைத் திண்ணை ஓரத்தில் வைத்தார்.

"சார், அஞ்சு வருஷம் இருந்தனுங்க. அசெம்பிளில எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன்னு ஒரு ஆளு கேட்டதில்லீங்க. எங்க வீட்டுக் காதுகுத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டவங்களுக்குக் கணக்கே இல்லீங்க. முகூர்த்த நாளுன்னா முப்பது பத்திரிகை. ஒரு எழவுக்குப் போகலைன்னா அந்த ஊரு ஓட்டு போச்சு."

"அவங்க கருத்து என்னன்னு நீ கேட்டியா, கண்ணு?" என்றேன்.

சிரித்தார். "கேட்டு என்னங்க சார் பண்றது? கொறடா சொல்ற பக்கந்தானுங்களே போடணும்."

மிச்ச மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம், முப்பது வருஷ வாத்தியார் வேலையில் நான் எம்.எல்.ஏ. வீட்டுப் படி ஏறியது ஒரே ஒரு தடவை. இடமாறுதலுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க. கல்வியைப் பற்றி, பாடத்திட்டத்தைப் பற்றி, ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பை மேய்க்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றி என் மனசில் ஆயிரம் கருத்து இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவரிடம் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கொறடா என்று அவர் சொன்னது சாக்குப்போக்கு இல்லை. 1967-க்குப் பிறகு வடக்கே ஆட்சிகள் உறுப்பினர்கள் கட்சி மாறியே கவிழ்ந்தன. ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாளுக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். அதைத் தடுக்க 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஆட்சியைக் கவிழ்க்கிற ஓட்டோடு அதை நிறுத்தவில்லை. எந்த மசோதாவானாலும் கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ பதவி போகலாம். பதினைந்து நாளுக்குள் கட்சியே மன்னித்தால்தான் பிழைக்கலாம். தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் இருக்கட்டும், அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லட்டும். அந்தக் குரலைக் கேட்டு ஓட்டுப் போட்டேன் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை.

மக்கள் குரலுக்கு அவையில் என்ன இடம் என்பது 2017-ல் கண்முன்னே தெரிந்தது. ஜனவரி 23-ந் தேதி ஜல்லிக்கட்டுக்கான சட்டத் திருத்தம் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. மக்கள் கருத்து அவைக்குள் போனது. எந்த உறுப்பினர் வாய் வழியாகவும் போகவில்லை. மெரினா மணலில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வழியாகப் போனது. சரியாக 26 நாள் கழித்து, பிப்ரவரி 18-ந் தேதி, ஆளுங்கட்சி இரண்டு அணியாகப் பிளந்திருந்த நிலையில், அதே அவையில் முதலமைச்சர் மேல் நம்பிக்கை ஓட்டு. அதற்கு முந்தைய நாட்களில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பெரும்பாலோர் கூவத்தூர் கடற்கரை விடுதியில். ஊர் ஊராக ஜனங்கள் தங்கள் எம்.எல்.ஏ.வின் செல்போன் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். என் திண்ணைக்கும் இரண்டு பேர் வந்தார்கள். அப்போதும் மனு எழுதச் சொல்லவில்லை, நம்பர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். கொடுத்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று முடிந்தது. பிறகு நடந்ததைப் பாருங்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேரும் பதவியில் நீடித்தார்கள். அணிகள் சேர்ந்தபோது சேர்ந்துகொண்டார்கள். முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த வேறு 18 பேர் செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த 18 தொகுதிக்கும் இடைத்தேர்தல் 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் நடந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்த ஜனங்களுக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. அவர்கள் செய்த தப்பு என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கதை தெரியும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் விவசாயிகள். எங்கள் குறையை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்வதில்லை, ஆளுக்கொரு மனுத்தாக்கல் செய்வோம், அப்போதாவது திரும்பிப் பார்க்கட்டும் என்ற எண்ணம். அங்கே தேர்தலை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகத் தைத்தார்கள். திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். தேர்தல் கமிஷனுக்குத் தலைவலி வந்தது. டெல்லிக்கும் சேதி போனது. என்ன பதில் வந்தது தெரியுமா? பொதுப்பிரிவு வேட்பாளருக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை அந்த ஆண்டே 5,000 ஆக்கினார்கள். அன்றைய ஆந்திராவில் நல்கொண்டாவிலும் கர்நாடகத்தில் பெல்காமிலும் அதே வருஷம் இப்படி நூற்றுக்கணக்கில் நின்றிருந்தார்கள். ஆகவே அந்த இருபது மடங்கில் மொடக்குறிச்சிக்காரர்களின் பங்கும் உண்டு.

அதே தொகுதி 2021-ல் இன்னொரு கணக்கைக் காட்டியது. அதே சுப்புலட்சுமி ஜெகதீசனை பாஜகவின் சரஸ்வதி 281 ஓட்டில் தோற்கடித்தார். 281 பேர் என்றால் எங்கள் மாரியம்மன் பொங்கலுக்குச் சாப்பிட வருகிற முதல் இரண்டு பந்தி. தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் 77 ஆயிரத்துச் சொச்சம். மறுநாள் காலையிலிருந்து அவர்களுக்கும் இவர்தான் பிரதிநிதி. அவர்கள் கருத்தையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் வென்ற எவரிடமும் சொன்னதில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, என்னை உறுத்துகிற ஒன்றை மறைக்கக் கூடாது. ஊர்க் கருத்தை அப்படியே சுமந்து போவதுதான் பிரதிநிதியின் வேலை என்றால், பாப்பாபட்டியை என்ன செய்வது? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. நிலமும் எண்ணிக்கையும் கையில் உள்ளவர்கள் ஒப்பவில்லை. வேட்புமனு போடவே ஆளில்லாமல் செய்தார்கள். தேர்தல் நடந்துவிட்டால், தாங்களே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். பத்து வருஷம் இப்படி. யோசித்துப் பார்த்தால், ஊர்ப் பெரும்பான்மை நினைத்ததை ஓர் எழுத்து மாறாமல் நிறைவேற்றிய பிரதிநிதி அந்த ராஜினாமாக்காரர்தான். இதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் ராஜினாமா செய்யாத தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள்.

2006-ல் மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் தன் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர்களில் போய் உட்கார்ந்து பேசினார். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எழுந்து போகவில்லை. ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஓர் அதிகாரி செய்தார் அதை. பத்து வருஷத்தில் அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் ஊர்க் கருத்துக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எம்.எல்.ஏ.வாக இருந்த என் மாணவரிடம் நான் எதிர்பார்த்தது இந்த இரண்டும்தான்: நாங்கள் நினைப்பதை அங்கே போய்ச் சொல்ல வேண்டும், நாங்கள் நினைப்பது அநியாயமாக இருந்தால் இங்கேயே எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். காதுகுத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவர் இரண்டில் ஒன்றையும் செய்யத் தேவையில்லை.

கருத்தைச் சொல்ல இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நான்கு கிராம சபை. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து பேசலாம். எங்கள் ஊராட்சி மாதிரி மூவாயிரம் பேருக்கு உட்பட்ட ஊர் என்றால் நூறு பேர் வர வேண்டும். நான் பார்த்த வரையில் முப்பது பேர் வருவோம். அதில் பத்துப் பேர் நூறு நாள் வேலை அட்டைக்காக. மிச்சக் கையெழுத்துக்குப் பதிவேடு வீடு வீடாகப் போகும். என் வீட்டுக்கும் வந்திருக்கிறது. எதற்கென்று படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வாத்தியாரான நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்டோபர் 2 கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் சொன்னேன். நம் சட்டமன்ற உறுப்பினர் வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து, அவையில் என்ன பேசினார், எதற்கு எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று சொல்ல வேண்டும். ஊராட்சிச் செயலர் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தார். "இதெல்லாம் எழுதலாமுங்களா சார்?" பின்னாலிருந்து ஒருவர், "அப்படியே எங்கூட்டுக் கல்யாணத்துக்கும் வரச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரிப்பு அடங்கியதும் முன்வரிசையில் இருந்த பென்ஷன் ஆத்தா, "வாத்தியாரு சொல்றத எழுதுங்க தம்பி" என்றார். எழுதினார். கீழே 27 கையெழுத்து, 4 கைநாட்டு.

நகல் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. எம்.எல்.ஏ. இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கிராம சபையிலும் அந்தத் தீர்மானத்தை மறுபடி வாசிக்கச் சொல்கிறேன், வாசிக்கிறார்கள். போன கூட்டத்துக்கு 44 பேர் வந்தார்கள்.