இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் அன்னாசியும் பலாவும் பிக்கப் வண்டிகளில் இந்த வழியாக இறங்குகின்றன. ஏறும்போது கியர் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். வண்டியே திணறிக் காட்டிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல்.

அன்னாசி போடும் மலை விவசாயி ஒருவர், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டே இறங்குவார். "கியரைக் குறைத்தால் கியர்பாக்ஸ் தேயுமே" என்பது அவர் வாதம். அது பாதி உண்மை. நாலாவது கியரில் வேகமாக வந்து சட்டென்று இரண்டுக்குத் தள்ளி கிளட்ச்சை விட்டால், சின்க்ரோ ரிங்கும் கிளட்ச் பிளேட்டும் தேயத்தான் செய்யும். முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, கிளட்ச்சை முழுதும் மிதித்து, ஒவ்வொரு கியராக இறக்கி, ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டிக் கிளட்ச்சை விட்டால் தேய்மானம் மிகக் குறைவு. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர் கணக்கு சரக்கு வண்டிக்கு இன்றும் பொருந்தும்.

டீசல் கணக்கும் தவறுதான். இன்றைய மின்னணு இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். சாவியை அணைத்து இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை போய், பெடல் கல்லாகிவிடும்.

நியூட்ரலில் முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்குகிறது. லைனிங் சூடேறினால் பிடிப்பு குறையும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மேலே நன்றாகப் பிடித்த பிரேக் பாதி மலையில் கைவிடும். மூட்டைகளின் மேல் வீட்டுப் பெண்களும் கூலியாட்களும் உட்கார்ந்து வருவது வழக்கமாயிற்றே (அதுவே கூடாத வழக்கம்).

சமவெளியில் கதை வேறு. நிறுத்தத்துக்கு வரும்போது ஒவ்வொரு கியராக இறக்க அவசியமில்லை, பிரேக்கே போதும். லைனிங் மாற்றுவது சுலபம், கிளட்ச் பிளேட்டுக்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கிளட்ச் பெடலில் கால் வைத்தபடி ஓட்டுவதும் பிளேட்டைத் தின்றுவிடும்.

இறங்கும் வழியில் கருகல் நாற்றம் வந்தால், அகலமான இடத்தில் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விடும்.