நெடி ஒன்றுதான், சொன்ன வாய் வேறு

மாத்தூரிலிருந்து மணலிக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் கான்ட்ராக்ட். போன வருஷம் கம்பெனியில் ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பணியிடத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர வந்தவர், "மேலதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்ததற்கே அடி வாங்கிய சேரிகளிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் எங்கள் தாத்தாக்கள்.

எங்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை, தோழர்களே. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு எந்த நெடியையும் நாங்கள் சும்மா விடுவதில்லை. அந்த வகுப்புக்கு இரண்டு மாதம் முன்பு, குழாய் இணைப்பு ஒன்றில் மூக்கை அரிக்கும் நெடி. எங்களில் மூத்த அண்ணன், வயது ஐம்பத்தைந்து, சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். முப்பது வயதுகூட ஆகாத சூப்பர்வைசர், "உன் வேலையப் பாரு, போ" என்றார். (நாங்கள் இன்னும் ‘என்றார்’ என்றுதான் எழுதுகிறோம்.) மூன்றாம் நாள் நிரந்தரத் தொழிலாளி ஒருவர் அதையே சொன்னார். உடனே வேலையை நிறுத்திச் சரிசெய்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே, "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். பதில் சொன்னதும் ‘வாங்க’ போய் ‘வா’ ஆனது. ‘நீ’ என்று கூப்பிடுகிறவனிடமிருந்து வருகிற எச்சரிக்கை யார் காதில் ஏறும்?

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது 41எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்து நெருங்குவதாக நியாயமாகத் தோன்றினால், தொழிலாளியே நிர்வாகத்திடம் சொல்லலாம். அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். 2020-ல் வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்களுக்கு இதைச் சொன்னது பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தங்கைதான். இப்போது நெடி வந்தால் வாயால் சொல்வதோடு விடுவதில்லை. தமிழில் எழுதி, தேதி போட்டு, எட்டுப் பேரும் கையெழுத்திடுகிறோம். ஒரு நகல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போகிறது. போன மாதம் நிர்வாகத்திடமிருந்து முதல் பதில் கடிதம் வந்தது. அண்ணன் பெயருக்கு முன்னால் ‘திரு.’ போட்டிருந்தார்கள். அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மகளிடம் காட்டினார்.

சூப்பர்வைசர் இன்னும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறார்.